குதிருக்குள் இருந்த லண்டன் துப்பாக்கி

என் பெயர் சின்னத்துரை. யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு ஒருவருக்காவது இந்தப் பெயர் இருக்கும். கூப்பிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் இந்தியாவுக்குப் போய் ஒரு மலையில் ஏறுகிறவன் இந்தப் பெயரோடு போகக் கூடாது. முப்பதுகளில் ஒரு வருஷம், கடலின் இரண்டு கரையையும் வெள்ளைக்காரரே ஆண்டுகொண்டிருந்த காலத்தில், கொல்லிமலையில் வைத்து இதைக் கற்றுக்கொண்டேன்.

அப்போது கொழும்புக் கோட்டையில் துப்பாக்கி விற்கிற, பழுதுபார்க்கிற கடை ஒன்றின் பின்னறையில் எனக்கு வேலை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெரியதுரை, அதாவது வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் எங்கள் வாடிக்கைக்காரர். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. புதுத் துப்பாக்கி பிடிக்காது. மிகப் பழையதும் பிடிக்காது. குழாயின் வாய்வழியே வெடிமருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற துப்பாக்கி போய், குழாயை மடித்துப் பின்பக்கம் தோட்டா சொருகுகிற துப்பாக்கி வந்தது அல்லவா? அந்த இரண்டுக்கும் நடுவில் இங்கிலாந்துக் கொல்லர்கள் கொஞ்சக் காலம் தடுமாறினார்கள். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு நெம்புகோல், ஆளுக்கொரு விதமான தோட்டா. அந்தத் தடுமாற்றத்தில் பிறந்தவைதான் அவருக்கு வேண்டும். அவற்றை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொழும்பில் மிளகு வியாபாரம் செய்த ஒருவரின் உறவினர் துறையூரில் இருந்தார். காதர் பாய் என்று பெயர். கொல்லிமலையில் ஒரு மலைக்காரர் வீட்டில் லண்டன் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடக்கிறது என்ற செய்தி அவர் வழியாகத்தான் எங்கள் கடைக்கு வந்தது. "போய்ப் பார். எந்தக் காலத்தது என்று சொல். இடைக்காலத்தது என்றால் எப்படியாவது கொண்டுவந்துவிடு" என்று பெரியதுரை என்னிடம் சொன்னார். முதலாளி காதர் பாய்க்குத் தந்தி அடித்தார்: சின்னத்துரை வருகிறார்.

கடல் தாண்டியதையும் ரயில் மாறியதையும் சொல்லி உங்களை வதைக்கப் போவதில்லை. என் கருவிப் பையில் ஒரு சின்ன டப்பா நிறைய கேப்பு இருந்தது. தோட்டாவின் அடியில் பொறி தட்டுகிற செப்புத் தொப்பிக்கு அந்தப் பெயர். சுங்கத்தில் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

துறையூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நெடுநெடுவென்று வளர்ந்த தாடிக்காரர் ஒருவர் கையில் ரோஜா மாலையோடு நின்று, என் தோளுக்கு மேலாகப் பஸ்ஸுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தொரை உள்ள தூங்குறாரா?"

"எந்தத் துரை?"

"சின்னத்துரைங்க. கொழும்புத் தொரை."

"நான்தான் சின்னத்துரை."

அவர் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல கறுப்பு நான்; பஸ் புழுதியில் இன்னும் இரண்டு பங்கு கறுத்திருந்தேன். வாங்கியது வாங்கியாயிற்று என்பதுபோல மாலையை என் கழுத்தில் போட்டார்.

"பேரா அது?" என்றார் காதர் பாய். "பேரு வைக்கிறப்ப ஒங்க அத்தா கொஞ்சம் யோசிச்சிருக்கப்படாதா? மலையில அம்புட்டுப் பேருகிட்டயும் வெள்ளக்காரத் தொரை வர்றாருன்னு சொல்லிவுட்டேனே!"

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்களை மரியாதையாக 'நானா' என்போம். அந்தப் பழக்கத்தில், "நானா, குடிக்கத் தண்ணி இருக்கோ?" என்று கேட்டேன்.

"யாரு, நானா?"

"ஓம், நானா."

"நீங்களா, நானா? யாருக்குத் தண்ணி?"

இது விடியும்வரை முடியாது என்று விளங்கியது. அந்த நிமிஷமே 'பாய்'க்கு மாறிக்கொண்டேன்.

புளியஞ்சோலைக்குப் புளி ஏற்றப் போகிற லாரியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அந்த லாரிக்கு ஏற்றத்தில் நிற்கத் தெரியாது. நின்றால் பின்னால் வரும். அதனால் சக்கரத்துக்குக் கல் வைக்கிற ஆள் ஒருவர் கல்லைத் தோளில் சுமந்தபடி லாரிக்குப் பின்னாலேயே ஓடிவந்தார். எங்கள் மலைநாட்டு லாரிகளுக்கும் பிரேக் அப்படித்தான். ஆனால் அங்கே கல் வைக்கிறவரை லாரிக்குள் உட்கார வைப்பார்கள். இதைச் சொன்னபோது டிரைவர், "உள்ள உக்காந்தா தூங்கிருவானுங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

புளியஞ்சோலையில் ஓடைக்கரையில் மலையிலிருந்து வந்த நாலு பேர் காத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தது. துரையைச் சுமக்க.

"தொரை வரலீங்களா பாய்?" என்றார் அவர்களில் மூத்தவர்.

காதர் பாய் என்னைக் கையால் காட்டினார். மூத்தவர் நாற்காலியின் மூங்கிலைப் பலமாக அசைத்துப் பார்த்தார்.

மனிதன் மனிதனைச் சுமப்பதா, நடந்தே வருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். பாதி மலையில் என் கொழும்புச் சப்பாத்தின் அடித்தோல் நாக்கைத் தொங்கப் போட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அது கழன்று காட்டுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு வீறாப்பும் போயிற்று. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். சுமந்தவர்கள் எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள்.

"வெள்ளக்காரத் தொரைன்னா இத்தன கனம் இருக்கமாட்டாரு."

"கறுப்பு எப்பவுமே கனமாத்தான்டா இருக்கும். கரும்பாறையப் பாரு."

பாதை ஓரத்தில் பள்ளம் வாய் பிளந்து கிடந்தது. அவர்களோ பேச்சு சுவாரஸ்யத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். "ஆறுதலா! ஆறுதலா!" என்று கத்தினேன். யாழ்ப்பாணத்தில் மெதுவாக, அவசரமில்லாமல் என்று பொருள். அவர்கள் நால்வரும் சட்டென்று நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல், பூப்போலச் சுமந்து போனார்கள். மொழி ஒன்றாக இருப்பதில் எத்தனை சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையில் ஒவ்வொரு பகுதியையும் நாடு என்கிறார்கள். நாங்கள் போனது குண்டூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் புல் வேய்ந்த வீடுகள் ஆங்காங்கே இருந்தன. துப்பாக்கி இருந்த வீட்டுக்காரர் சடையக் கவுண்டர் வாசலுக்கு வந்து கும்பிட்டார். துரைக்கென்று துறையூரிலிருந்து பாய் முன்னமே அனுப்பிய ரொட்டி ஒன்று என் முன்னால் வைக்கப்பட்டது. அது எப்போது சுட்டது என்று கண்டுபிடிக்கத் துப்பாக்கியைவிட அதிக ஆராய்ச்சி தேவைப்படும். ஊரிலிருந்த ஒரே கரண்டியை அதன் பக்கத்தில் வைத்தார்கள். எனக்கு எதிரே மற்றவர்கள் ஆவி பறக்கச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் பிசைந்து சாப்பிட்டார்கள். நான் ரொட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும் ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லார் முகமும் வாடியிருந்தது. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"ஆருங்க கண்ணு தவறிட்டாங்க?" என்றார் நடுவில் இருந்த பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கைகள் உலக்கை மாதிரி இருந்தன.

"எனக்கு விளங்கேல்ல."

"வழி நெடுக ஆறுதல் வேணும், ஆறுதல் வேணும்னு அழுதுட்டு வந்தீங்களாமே. அம்மாவா, அப்பனா?"

என் அம்மாவும் அப்பாவும் நல்ல சுகமாகச் சாவகச்சேரியில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கேட்ட பெண்மணிதான் பாவாயி, சடையக் கவுண்டரின் மனைவி. ரொட்டியை எடுத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு, எனக்குச் சோறு போட்டவரும் அவரே.

சோற்றுக்குப் பின் அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. எங்கள் ஊரிலும் இதே பெயர், இதே ருசி. ஆசையாகத் தின்றேன். அதற்குமேல் குடிக்க ஒரு செம்பு நிறையச் சுக்குத் தண்ணீர் வந்தது. எனக்கு உயிரே போயிற்று. மரவள்ளி தின்ற வாயால் இஞ்சியோ சுக்கோ தொட்டால் மரணம் என்பது இலங்கையில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். சொன்னேன். அந்த ஊரில் பிறந்தது முதல் கிழங்கும் சுக்கும் சேர்த்தே சாப்பிட்டு வளர்ந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மரியாதைக்காக ஒரு வாய் குடித்தேன். படுக்கும்போது பிள்ளையாரை நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் விழித்தபோது, உயிரோடு இருந்தது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தேன். இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலை முழுக்க மூட்டம். "இனித் துவக்கைக் காட்டுங்கோவன்" என்று சடையக் கவுண்டரிடம் கேட்டேன்.

"எதைத் தொவக்கோணும்?" என்றார் அவர்.

"துவக்கு. உங்களிட்ட இருக்கிற துவக்கு."

"நாங்க ஒண்ணையும் தொவக்கலீங்களே. வெதைப்பு எல்லாம் போன மாசமே முடிஞ்சுதுங்க."

காதர் பாய் குறுக்கே வந்து, கொழும்பில் துப்பாக்கிக்கு அதுதான் பெயர் என்று விளக்கினார். நான் தோளில் வைத்துச் சுடுவதுபோல நடித்தும் காட்டினேன். எல்லாரும் "ஓ" என்றார்கள். பாவாயி அக்கா வீட்டுக்குள் போய்ச் சாமை கொட்டி வைத்திருந்த குதிருக்குள் தோள்வரை கையை விட்டார். தானியம் பொலபொலவென்று உதிர ஒரு துப்பாக்கி வெளியே வந்தது.

லைசன்ஸ் கணவர் பெயரில். சுடுவது மனைவி. சடையக் கவுண்டருக்கு வெடிச் சத்தம் ஆகாது. மனைவி துப்பாக்கியை எடுத்தால் அவர் காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். பாவாயியின் தகப்பனார் அந்தக் காலத்தில் மலை அளக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு வழிகாட்டியாக இருந்தவர். அந்த வெள்ளைக்காரர் காய்ச்சல் கண்டு இறங்கிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது இந்தத் துப்பாக்கி. மரவள்ளிக் காட்டுக்குப் பன்றி வந்தால் அந்த ஊருக்கே பாவாயிதான் காவல்.

தரையில் பாய் விரித்துத் துப்பாக்கியைக் கிடத்தி உட்கார்ந்தேன். இந்த ஒரு காரியத்தில் மட்டும் நான் தடுமாறமாட்டேன்.

குதிருக்குள் கிடந்ததால் துரு என்பதே இல்லை. குழாய்கள் இரும்பும் எஃகும் நாடா நாடாவாக முறுக்கிச் சுற்றி அடித்து ஒட்டியவை. கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி வெளியே ரேகை ஓடியது. திறக்கிற நெம்புகோல் அடியில், விசையைச் சுற்றியிருக்கும் காப்பைத் தழுவினாற்போல இருந்தது. சுத்தியல்கள் சுட்டபின் தாமாகப் பின்வாங்குகிறவை அல்ல. கையால் பாதி இழுத்துவிட்டால்தான் துப்பாக்கி திறந்தது. இவையெல்லாம் பழைய அடையாளங்கள். ஆனால் என்னைக் குனிந்து மூக்கை ஒட்டிப் பார்க்க வைத்தது வேறு ஒன்று. இரண்டு குழாயின் பின்விளிம்பிலும், மேலே, அரிசி அகலத்துக்கு இரும்பு வைத்து அடைத்திருந்தது.

"ஓட்டை உழுந்து அடைச்சிருக்காங்களா தம்பி? வெலை கொறையுமா?" என்று பாய் காதருகில் கேட்டார்.

ஓட்டை விழவில்லை. ஓட்டையோடு பிறந்தது அது. பின்வழித் தோட்டா வந்த புதிதில் தோட்டாவின் விலாவிலிருந்து ஒரு ஆணி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் அந்த ஆணியின் தலையில் விழும். ஆணி நிற்பதற்குக் குழாயில் ஒரு வெட்டு. கொஞ்சக் காலத்தில் ஆணியில்லாத, நடுவில் தட்டுகிற தோட்டா வந்துவிட்டது. நல்ல துப்பாக்கியை எறிய மனமில்லாத யாரோ அந்த வெட்டை அடைத்து, சுத்தியலின் மூக்கை மாற்றி, உள்ளே கேப்பைத் தட்டப் புது ஊசி வைத்திருக்கிறார்கள். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பெரியதுரை ஆயுள் முழுக்கத் தேடியது இதைத்தான்.

குழாயைக் கழற்றி அடியில் பார்த்தேன். கிரீடம், கிரீடத்தின் கீழே எழுத்து, துளை அகலத்தைச் சொல்லும் ஒரு எண். அவ்வளவுதான். பிற்காலத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு முத்திரையாகக் குத்தித் தள்ளுவார்கள். இதில் அவை ஒன்றும் இல்லை. பிறந்தது ஆயிரத்தெண்ணூற்று அறுபதுகள். உருமாறியது அதற்குப் பத்து வருஷத்துக்குள். தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்திய துப்பாக்கி என்று சொன்னேன்.

"அப்ப என்னைவிட மூத்தது" என்றார் பாவாயி அக்கா. அவர் பார்வையில் துப்பாக்கிக்கு ஒரு மரியாதை ஏறியது. "பாய், தோட்டா எடுங்க. தொரைக்கு ஒரு தாட்டி சுட்டுக் காட்டலாம்."

இதுவரை அவர் பித்தளைத் தோட்டாவில் கரிமருந்து அடைத்துத்தான் சுட்டுவந்தார். கேப்பு தீர்ந்துபோய், கிடைக்காமல், கொஞ்ச நாளாகத் துப்பாக்கி குதிருக்குள்ளேயே கிடந்தது. பன்றிகளுக்கும் அது தெரிந்துவிட்டிருந்தது. ஆகவே காதர் பாய் திருச்சியிலிருந்து புதுத் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். சிவப்புக் காகிதத் தோட்டா. பெருமையாகத் திறந்து நீட்டினார்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். புகையில்லா மருந்து. இந்தக் காலத்து மருந்து.

அந்தக் குழாய்கள் கரிமருந்துக்குப் பிறந்தவை. அவற்றைச் சோதித்து முத்திரை குத்திய நாளில் புதுமருந்து இத்தனை பரவவேயில்லை. புதுமருந்தையும் தாங்கும் என்று சோதித்த துப்பாக்கியானால் அதைச் சொல்ல ஒரு முத்திரை இருக்கும். இதில் இல்லை. குழாய் பிளந்தால், கீழே தாங்கிப் பிடித்திருக்கும் இடதுகை போகும். கண்ணும் போகலாம்.

"இதைப் போட்டுச் சுடாதேங்கோ. வெடிச்சால் கை போயிடும்" என்றேன்.

வெளியே வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. வயலோரத்தில், கண்ணேறுக்காக நட்டிருந்த சுண்ணாம்புப் பொட்டுச் சட்டிதான் குறி. சடையக் கவுண்டர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"அதுதானே பார்த்தேன்! நல்லாருக்குதுன்னு இப்பத்தான் சொன்னீங்க. வெலை பேசற நேரத்துல கெட்டுப்போச்சுங்களா?"

நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். தட்டையான கல்லில் ஒரு சிட்டிகை கரிமருந்தும், சிவப்புத் தோட்டாவை உடைத்து ஒரு சிட்டிகை புதுமருந்தும் தனித்தனியாகக் கொட்டித் தீ வைத்தேன். கரிமருந்து புஸ்ஸென்று சீறிப் புகை கக்கிக் கூட்டத்தைப் பின்னால் தள்ளியது. புதுமருந்தோ, ஈரக் கற்பூரம் மாதிரி, அமைதியாக, மஞ்சளாக, யாருக்கும் தொல்லை கொடுக்காமல் எரிந்து அணைந்தது. வெட்டவெளியில் அது அப்படித்தான். குழாய்க்குள் அடைபட்டால்தான் அதன் குணம் தெரியும். இதை நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் ஊர் சிரித்து முடித்துவிட்டது.

"இதுங்களா கையை எடுக்கும்?"

"அவரு அப்படித்தானுங்க. நேத்து சுக்குத் தண்ணிக்கே சாவேன்னாரு."

காதர் பாய்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாவாயி அக்கா சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. துப்பாக்கியை மடித்து இரண்டு சிவப்புத் தோட்டாவைச் சொருகினார். டக்கென்று மூடினார். சுத்தியல்களை ஒவ்வொன்றாக இழுத்தார். சடையக் கவுண்டர் காதைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

அந்த நேரத்தில் ஒரு வீரன் பாய்ந்து துப்பாக்கியைப் பறித்திருப்பான். நான் வீரன் அல்ல. என் கால்கள் எனக்குச் சொல்லாமலே ஓடின. காதர் பாயின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அவர் வரவில்லை. "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" என்று கத்தியபடி மரவள்ளிக் காட்டுக்குள் பாய்ந்து, இரண்டு வரப்புக்கு நடுவில் குப்புற விழுந்தேன். முந்திய இரவு மழையில் அது செஞ்சேறாகக் கிடந்தது. கொழும்பு டோபி கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த என் வெள்ளைக் கால்சட்டையும் மேலே போட்ட அங்கராக்கும் சேற்றைக் குடித்தன. இரண்டு காதையும் பொத்தி, வாய் முருகா முருகா என்று முனக, முகத்தைச் சேற்றில் புதைத்துக் காத்திருந்தேன்.

ஊர் சிரித்த சிரிப்பு பொத்திய காதுக்குள்ளும் கேட்டது. வெடி மட்டும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தேன். மூக்குக்கு நேரே வெள்ளித் தண்டை போட்ட இரண்டு கால்கள்.

"எந்திரி சாமி" என்றார் பாவாயி அக்கா.

துப்பாக்கி மடித்துத் திறந்தபடி அவர் முழங்கையில் தொங்கியது. சிவப்புத் தோட்டா இரண்டும் கையில் இருந்தன. கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்கு இளிக்கறீங்க? வெலை கொறைக்க வந்தவன் நின்னுக்கிட்டேதான் பேசுவான். இத்தன வெள்ளைத் துணியோட சேத்துல உழுவானா? இது நெசமாவே பயந்திருக்குது."

நான் படித்த படிப்பும் பன்னிரண்டு வருஷப் பட்டறை அனுபவமும் கல்லில் வைத்து எரித்த மருந்தும் செய்யாததை என் பயம் செய்துவிட்டது. தோட்டாக்கள் காதர் பாயின் கைக்குப் போயின.

கொட்டகையிலிருந்து சடையக் கவுண்டர் எட்டிப் பார்த்து, "சுட்டாச்சுங்களா?" என்றார்.

பிறகு நடந்தது எளிது. என் பையிலிருந்த கேப்பு டப்பாவை எடுத்தேன். பாவாயி அக்காவின் பித்தளைத் தோட்டாக்களைத் துடைத்து, கேப்பு பொருத்தி, அவர் வீட்டுக் கரிமருந்தை அளந்து அடைத்துக் கொடுத்தேன். அளவை அவர் கண்ணாலேயே பிடித்துக்கொண்டார். என் கால்சட்டையை யாரோ துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்; சடையக் கவுண்டரின் வேட்டியை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரில் என்னைத் துரை என்று கூப்பிடுவது அத்தோடு நின்றது.

பொழுது சாய்கிற நேரம் பன்றிகள் வந்தன. பழக்கதோஷத்தில், சந்தைக்கு வருவது மாதிரி பேசிக்கொண்டே வந்தன. பாவாயி அக்கா காட்டோரப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். நான் எவ்வளவு பின்னால் நிற்க முடியுமோ அவ்வளவு பின்னால் நின்றேன். இரண்டு வெடி. மலை திருப்பிச் சொன்னது. வெள்ளைப் புகை எழுந்து காட்டையும் பாறையையும் அக்காவையும் மூடியது. கொஞ்ச நேரம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்தது. புகை கலைந்ததும் வரப்பில் ஒரு பெரிய கொம்பன் பன்றி சாய்ந்து கிடந்தது. இரண்டாவது வெடி எங்கே போயிற்று என்று தேடினோம். கண்ணேறுச் சட்டி காணாமல் போயிருந்தது.

ஊர் கூடிப் பங்கு போட்ட பிறகு, நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். எங்கள் துரை தேடுகிற துப்பாக்கி இதுதான், கேட்கிற விலை கொடுப்பார் என்றேன்.

"வாங்கி என்ன சுடுவாரு?"

"சுடமாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சுப் பார்ப்பார்."

பாவாயி அக்கா வெகுநேரம் யோசித்தார். விலையைப் பற்றி யோசிக்கிறார் என்று சடையக் கவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெட்டிக்குள்ள வெச்சா சோறு போடற பொருளுக்குச் சீக்கு வந்துருமுங்க கண்ணு" என்றார் அக்கா. "அவரையே இங்க வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. ரொட்டி வாங்கித் தாரேன்."

துப்பாக்கி குதிருக்குள் போயிற்று. நான் வெறுங்கையோடு இறங்கினேன். பெரியதுரை என்ன சொன்னார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் முகம் சிவந்தார். பிறகு, அத்தனை வருஷமாய் மழை மலையில் கிடந்தும் துருவே இல்லையா என்று கேட்டார். இல்லை, சாமைக்குள் வைத்திருந்தார்கள் என்றேன். அடுத்த மாதம் அவருடைய பட்லர் கடைக்கு வந்து அழுதார். துரை தன் துப்பாக்கிகளையெல்லாம் நெல் மூட்டைக்குள் புதைத்துவிட்டாராம். பங்களாவில் எலித் தொல்லை தாங்க முடியவில்லையாம்.

இறங்கிய நாள் காதர் பாயும் நானும் புளியஞ்சோலை ஓடையில் காலை விட்டுக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்தோம். மீதித் தோட்டாப் பெட்டியைப் பாய் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். சாய்ந்தபடியே மெல்லக் கேட்டார்.

"தம்பி, நமக்குள்ள இருக்கட்டும். அந்தத் தோட்டாவப் போட்டிருந்தா நெசமாவே வெடிச்சிருக்குமா?"

"தெரியாது பாய்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "தெரியாதா?"

"வெடிக்காமலும் இருந்திருக்கும். ஒருக்கால் பத்து வெடி தாங்கியிருக்கும். முதல் வெடியிலேயே பிளந்தும் இருக்கும். அது குழாய்க்கே தெரியாது."

"அப்புறம் எதுக்குய்யா அப்படி உழுந்து படுத்தீங்க?"

"தெரியாதபடியால்தான் படுத்தனான்."

பாய், தலைக்கு வைத்திருந்த தோட்டாப் பெட்டியை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினார். ஊரான் வீட்டுக் கைக்குழந்தையை வாங்கியவர் மாதிரி உடம்பில் படாமல் எட்டிப் பிடித்துக்கொண்டார். லாரி வந்து, ஏறி, துறையூர் போய்ச் சேரும்வரை அவர் அந்தக் கைகளை மடக்கவே இல்லை.